திரைக்குக் கீழே தெரிந்த சப்பாத்து

டென்மார்க்கில் எங்கள் ஸ்கீவ நகரத் தமிழ்ச் சங்கத்துக்கு நான் தலைவரானது என் கட்டைவிரலின் திறமையால். பெருமைக்குச் சொல்லவில்லை, குற்ற ஒப்புதலாகச் சொல்கிறேன்.

அந்த முறை நிர்வாகத் தேர்தலை இணையத்தில் நடத்தினார்கள். ஒவ்வொரு அங்கத்தவரின் கைத்தொலைபேசிக்கும் ஓர் இணைப்பு வரும். பெயரைத் தொட்டால் வாக்கு. தலைவர் பதவிக்கு நானும், மீன் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஓர் அண்ணையும் நின்றோம். எங்கள் வீட்டு வாக்கு மூன்று: நான், மனைவி, இருபது வயது மகள். மூன்று இணைப்பும் என் தொலைபேசிக்கே வந்தன. குடும்பமாகச் சேர்ந்தபோது மூவருக்கும் என் இலக்கத்தையே எழுதிக் கொடுத்திருந்தேன். எங்கள் ஆட்களின் பல வீடுகளில் இதுதான் வழக்கம். டேனிஷ் மொழியை முதலில் பிடித்தவன் எல்லாருக்கும் சேர்த்துப் படிவம் நிரப்புவான். பிறகு அதை விடவே மாட்டான்.

மனைவி குசினியில் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சேரும், வோட்டு வந்திருக்கு. போட்டுவிடட்டோ?"

"என்னத்தையெண்டாலும் செய்யுங்கோ. தண்ணி கொதிக்குது."

மகளிடம் கேட்கவே இல்லை. மூன்று தடவையும் என் பெயரைத் தொட்டேன். இரண்டு வாக்கால் வென்றேன். மாலை போட்டார்கள். மக்கள் என் மேல் வைத்த நம்பிக்கையைப் பற்றி இருபது நிமிடம் பேசினேன்.

நவம்பரில் கொம்யூன, அதாவது நகரசபைத் தேர்தல் வந்தது. மூவரும் பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்துக்குப் போனோம். வாக்குச்சீட்டு, இடுப்பில் கட்டும் சாரத்தை விரித்ததுபோல நீளம். மனைவி அதை வாங்கிக்கொண்டு திரைக்குள் போனார். பழக்கதோஷம், நானும் பின்னால் போனேன். கழுத்தில் அட்டை தொங்கிய ஒரு டேனிஷ் அம்மா கையை நீட்டி மறித்தார்.

"ஒருவர் மட்டும்."

"என் மனைவி. உதவி செய்யப் போகிறேன்."

"அவர் உதவி கேட்டாரா?"

நான் வாயைத் திறப்பதற்குள் திரைக்குள்ளிருந்து மனைவியின் குரல், மண்டபமே திரும்பிப் பார்க்கும் சத்தத்தில், டேனிஷில் வந்தது: "இல்லை!"

திரைக்குக் கீழே அவருடைய குளிர்காலச் சப்பாத்து மட்டும் தெரிந்தது. அது நெடுநேரம் அசையவில்லை. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியாமல் நின்ற மிக நீண்ட நேரம் அதுவாகத்தான் இருக்கும்.

காரில் ஏறியதும் கேட்டேன். "ஆருக்குப் போட்டனீர்?"

"அது என்ரை விசயம்."

"சரி, விடும். சங்கத்திலையாவது எனக்குத்தானே போட்டிருப்பீர்?"

"சங்கத்திலை நான் எங்கை போட்டனான்? நீங்களெல்லோ போட்டனீங்கள். என்னை விட்டிருந்தா அந்த அண்ணைக்குப் போட்டிருப்பன்."

"ஏனப்பா?"

"ஒவ்வொரு பொங்கலுக்கும் கடைசி ஆளா நிண்டு மண்டபம் கூட்டுறவர் அவர். நீங்கள் சாப்பிட்டுட்டு மைக்கைப் பிடிப்பியள்."

பின்னிருக்கையிலிருந்து மகள் டேனிஷில் ஒரே ஒரு சொல் சொன்னாள்: "நானும்."

அன்றிலிருந்து தலைவர் கதிரை முள்ளாய்க் குத்தியது. அடுத்த பொதுக்கூட்டத்தில், இனி எல்லாத் தேர்தலும் இணையத்திலேயே என்று தீர்மானம் வந்தது. எழுந்து நின்று எதிர்த்தேன். புட்டு மா முதல் எல்லாவற்றையும் சொன்னேன். சபை சிரித்தது. பிறகு சிரிப்பு நின்றது.

"கள்ளன் சொல்லுறான், பூட்டு வேணுமாம்!" என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார்.

"ஓம். கதவு எங்கை திறந்து கிடக்குதெண்டு கள்ளனுக்குத்தானே தெரியும்?"

இளம் செயலாளர் விடவில்லை. "அண்ணை, வங்கி, வரி, டொக்டர் எல்லாம் போனிலை. வோட்டுக்கு மட்டும் ஏன் கடதாசி?"

"தம்பி, வங்கியிலை பிழை நடந்தா அடுத்த நாளே பிடிச்சிடுவன். ஆனா ஆற்றை வோட்டு எதெண்டு ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. பிறகு பிழையை ஆர் பிடிக்கிறது? அதோடை போனுக்குத் திரை இல்லை. பக்கத்திலை என்னைப்போல ஒருத்தன் குந்திக்கொண்டிருப்பான்."

"பனிக்குள்ளை அங்காலை விபோர்க் டவுனிலை இருந்து வயசான ஆக்கள் எப்பிடி வாறது?"

"நான் காரிலை ஏத்திக்கொண்டு வாறன். திரைக்குள்ளை மட்டும் வரமாட்டன்."

செயலாளர் கேட்டது நியாயமான கேள்வி என்று எனக்குத் தெரியும். பனியில் வர முடியாதவர்களும் இரவு வேலைக்காரர்களும் இருக்கிறார்கள்தான். அதற்கு வாகனம் விடலாம், வாக்களிக்கும் நாட்களை அதிகமாக்கலாம். ஆனால் என் கட்டைவிரலுக்கு எந்தப் பொறியியலாளரிடமும் மருந்தில்லை. நாளைக்கு நாடே இணையத்துக்குப் போகிறோம் என்றாலும் இதையேதான் சொல்வேன்.

தீர்மானம் தோற்றது. அங்கேயே பதவியை விட்டேன். திரும்பத் தேர்தல் வையுங்கள் என்றேன். பட்மின்டன் வலையில் போர்வையைப் போட்டுத் திரை கட்டினோம். சப்பாத்துப் பெட்டிதான் வாக்குப் பெட்டி. மனைவி உள்ளே போனார். நான் மூன்று மீட்டர் தள்ளி, கைகளைக் காற்சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு நின்றேன்.

மோசமாகத் தோற்றேன். அந்த அண்ணைக்கு மாலையை நானே போட்டேன். அவர் ஏற்புரையை ஒரே வசனத்தில் முடித்துவிட்டு, மண்டபம் கூட்டத் தும்புத்தடியைத் தேடினார்.

எனக்குச் சில வாக்குகள் விழுந்திருந்தன. அதில் ஒன்று மனைவியுடையதா என்று இன்றுவரை தெரியாது. கேட்டால் சிரிக்கிறார். அடுத்த முறையும் நிற்கப் போகிறேன். இந்தப் பொங்கலுக்கு மண்டபத்தில் பாதியை நான்தான் கூட்டினேன், மனைவி பார்க்கும்படியான பாதியை.