மஞ்சள் கட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

வீரபாண்டி பக்கத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவு என்றால் இந்துமதிதான். முதலாளி மகுடேஸ்வரன் அவளுக்குத் தூரத்து மாமா. குண்டடத்தில் கிடந்த பிள்ளையைக் கூட்டி வந்து ஆளாக்கியதே நான்தான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அவள் படித்த படிப்பெல்லாம் அந்தப் பேச்சில் வராது.

வருகைப் பதிவுக்கு ஒரு மென்பொருள் இருந்தது. பழைய ஆள் எழுதி வைத்துவிட்டுப் போனது. திரை முழுக்க வெறும் படம் போட்ட பட்டன்கள். எது எதற்கென்று தெரியாமல் ஆபீஸ் பெண்கள் தப்புத் தப்பாக அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

"மவுஸைக் கொண்டுபோய் வெச்சா என்ன பட்டன்னு காட்டற மாதிரி பண்ணு கண்ணு. ஆடிட்டுக்குள்ள முடிச்சுரு. ஒன்னு விடாம எல்லாத்துக்கும் போட்டுரு" என்றார் மாமா.

டூல்டிப் என்பார்கள். மவுஸ் முனை பட்டன் மேல் நின்றால் எட்டிப் பார்க்கும் சின்ன மஞ்சள் கட்டம், விலகினால் மறைந்துவிடும். ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்த இந்துமதிக்கு, காலண்டர் படம் போட்ட பட்டனில் கை நின்றுவிட்டது. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்காக ஆடிட் வரும்போதெல்லாம் அமுக்குகிற பட்டன் அது; வார விடுமுறையில் வேலை வாங்குவது அவர்களுக்கு ஆகாது. ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வந்த அத்தனை பேரையும் ஒரே அமுக்கில் லீவாக்கிவிடும்.

அப்படி லீவாக்கப்பட்டவள்தான் அபிராமி, உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த டெய்லர். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓவர்லாக் மெஷின் ஊசி அவள் விரலில் இறங்கி ஒடிந்தது. ஓடிப்போய்ப் பனியன் வேஸ்ட் துணியைச் சுற்றிக் கட்டிவிட்டவள் இந்துமதி. இப்போது விரல் மடங்கவில்லை. வேலையில் பட்ட காயம் என்று கம்பெனி பதிவு காட்டினால்தான் தொழிலாளர் காப்பீடான ஈஎஸ்ஐயில் விபத்தாக எடுத்துக்கொள்வார்கள். பதிவிலோ அன்றைக்கு அவள் வேலைக்கே வரவில்லை.

மாமாவிடம் கேட்டுப் பார்த்தாள். "அவ ஊட்டுல என்ன பண்ணிக் கையைக் குத்திக்கிட்டாளோ" என்றார். ரத்தம் பட்ட பீஸைத் தனியே எடுத்துப் போடச் சொல்லி அன்றைக்குக் கத்தியவரும் இவர்தான். என்ன ஜென்மமோ.

இந்துமதி எழுதினாள்: 'ஞாயிறு வேலை பார்த்தவர்களை லீவு என்று மாற்றும்.' ஒன்று விடாமல் போடச் சொன்னாரே, போட்டாள். ஆடிட்டர் கண்ணில் பட்டால் அபிராமியின் ஞாயிற்றுக்கிழமை அவளுக்கே திரும்பி வந்துவிடும் என்று நம்பினாள்.

ஆடிட்டர் வந்தார். இளநீர் வந்தது, தட்டு நிறைய முந்திரி வந்தது. மவுஸை இப்படியும் அப்படியும் மேய விட்டவர் காலண்டர் மேல் நின்றார். மஞ்சள் கட்டம் எட்டிப் பார்த்தது. கோயம்புத்தூர்க்காரர், தமிழ் நன்றாகவே தெரியும். குனிந்து, மறுபடியும் படித்தார். மாமாவுக்கு முகம் வெளிறிவிட்டது.

"ஏனுங்க, இதையெல்லாமா எழுதி வெப்பாங்க?" என்று சிரித்தார் ஆடிட்டர். "பட்டன் இருக்கட்டுங்க. இந்த மஞ்சக் கட்டத்தை மட்டும் எடுத்துருங்க. வெள்ளைக்காரன் வந்தான்னா போன்லயே மொழி மாத்திப் படிச்சுருவான்."

சொல்லிவிட்டு இன்னும் நாலு முந்திரியை வாயில் போட்டுக்கொண்டார். மாமாவும் சிரித்தார். இத்தனை நாள் இவர்கள் சோற்றையா தின்றோம் என்றிருந்தது இந்துமதிக்கு.

"எடு கண்ணு."

"நீங்களே எடுத்துக்குங்க மாமா."

மாமாவின் மகன் சதீஷ்குமார் வந்து எடுத்தான். வேறொன்றும் மாறவில்லை. ஆடிட்டில் கம்பெனி பாஸ்.

சாயங்காலம் அபிராமி வந்து கதவோரம் நின்றாள். "அன்னைக்கு நீங்க கண்ணால பாத்தீகல்ல. ஈஎஸ்ஐக்கு எங்கூட வந்து ஒரு வார்த்த சொல்லுங்கக்கா."

"வர்றேன்" என்றாள் இந்துமதி. அந்த ஞாயிற்றுக்கிழமை தான் கம்பெனியில் இருந்ததற்கு ஒரு அத்தாட்சி வேண்டுமே என்று தன்னுடைய வருகைப் பதிவைத் திறந்தாள். அந்தப் பட்டன், முதலாளியின் சொந்தக்காரி என்றெல்லாம் பார்க்கவில்லை.

"அன்னைக்கு நானும் லீவாம், அபிராமி."

அபிராமி தன் விரலைப் பார்த்தாள். "அப்பக் கட்டுப் போட்டது யாருங்கக்கா?"