படி திரும்புற இடத்துல ஒரு நாற்காலி

எங்க கணக்கு டீச்சருக்குப் பிள்ளைங்க வெச்ச பேரு வெடி. கோவம் வந்தா கட்டடமே அதிரும். நான் பூகோளம் எடுக்குறவ. எங்க ரெண்டு பேருக்கும் சண்டை வராத நாளே கிடையாது.

பழைய பள்ளிக்கூடத்துல எல்லா வாத்தியாருக்கும் ஒரே அறை, ஒரே நீள மேசை. ஒருத்தர் சாப்பாட்டு டப்பாவுல இன்னொருத்தர் கை இருக்கும். புதுக் கட்டடத்துல பாடத்துக்கு ஒரு மாடி, மாடிக்கு ஒரு அறை. தலைமையாசிரியருக்குப் பெருமை தாங்கல. எங்களுக்கு மட்டும் என்ன, கசந்துச்சா? ஆளுக்கொரு மின்விசிறிக்குக் கீழ உக்காந்துட்டு, மேல் மாடியில யாரு இருக்காங்க, யாரு போனாங்கன்னே தெரியாம கிடந்தோம்.

ஏழாம் வகுப்புல ஒரு பொண்ணு, போர்டுல இருக்குறதை எழுதவே மாட்டா. திமிருன்னு நெனச்சு வெடி அவளை வெளிய நிறுத்தினாங்க. அறிவியல் சாரும் நிறுத்தினார். ஒருத்தர் நிறுத்தினது இன்னொருத்தருக்குத் தெரியாது. கடைசியில அவ அம்மா வந்து நின்னாங்க.

"பிள்ளைக்குப் பார்வை மங்கலுங்க. இத்தனை பேர் படிச்சவங்க, ஒருத்தருக்குமா தோணலை?"

வெடிக்கு முகம் செத்துப்போச்சு. "அந்தப் பழைய மேசையில, 'என் வகுப்புலயும் எழுத மாட்டேங்குறா'ன்னு ஒரு வார்த்தை விழுந்திருந்தா மறுநாளே கண்ணாடி போட்டிருப்பா"ன்னு என்கிட்ட பொரிஞ்சு தள்ளினாங்க.

மறுநாள் தன் நாற்காலியைத் தூக்கிட்டு வந்து, படி திரும்புற அகலமான இடத்துல, ஜன்னலோரமா போட்டாங்க. எந்த மாடிக்குப் போறவங்களும் அவங்களைத் தாண்டித்தான் போகணும்.

"எங்க ஓடுறீங்க சார்? இன்னைக்கு எந்தப் பிள்ளை வாடியிருந்துச்சு, சொல்லிட்டுப் போங்க!"

முதல்ல சிரிச்சோம். அப்புறம் நின்னோம். அப்புறம் இடைவேளை ஆனா எல்லாரும் அங்கதான்.

தலைமையாசிரியருக்குப் பத்திக்கிச்சு. "அறை கட்டிக் கொடுத்தா படியில கூட்டமா? நாற்காலி திரும்ப மாடி அறைக்கே போகணும். இல்லைன்னா நீங்க நம்ம பள்ளிக்கூடத்தோட வேற கிளைக்குப் போகணும்."

"நான் போறேன் சார். நாற்காலி போகாது."

சொன்ன மாதிரியே, திங்கட்கிழமை அவங்க இல்லை. நல்லா வாயடிக்கிற ஒரு மனுஷியை இப்படித் துரத்திட்டாங்களேன்னு எனக்கு ஆறவே இல்லை. நாற்காலியை எடுக்கத் தலைமையாசிரியரே வந்தார். அதுல நான் உக்காந்திருந்தேன்.

"எழுந்திரிங்க டீச்சர்."

"முடியாது சார்."

மேல இருந்து அறிவியல் சார் தன் நாற்காலியைத் தடதடன்னு இறக்கிட்டு வந்து என் பக்கத்துல போட்டார். அவருக்குப் பின்னால இன்னும் நாலஞ்சு நாற்காலி இறங்கிட்டிருந்துச்சு. எங்க எல்லாரையும் அனுப்பத் தலைமையாசிரியர்கிட்ட அத்தனை கிளை கிடையாது.