சமையலறை வாசலில் ஒரு கம்பி

சமையலறை நிலையின் மேலே குறுக்காக அந்த இரும்புக் கம்பி வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏணி மேல் நின்று அதை முடுக்கியவர் எலக்ட்ரீஷியன். கீழே நின்று விரலை நீட்டி வேலை வாங்கியவர் பெரியப்பா. உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் நான் அதில் தொங்கிவிட்டுத்தான் நகர வேண்டும் என்பது அவர் உத்தரவு. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. தில்லை நகரில் ஒரு மருத்துவமனை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கக் கம்பியில் தொங்க வேண்டியிருந்தது. வயதானவர், நல்லதுக்குத்தானே செய்தார், விட்டுத் தள்ளு என்று பலர் சொல்லிவிட்டார்கள். என்னால் இன்றுவரை தள்ள முடியவில்லை.

அப்பா காலமான பிறகு அம்மாவும் நானும் ஸ்ரீரங்கத்தில் பெரியப்பா வீட்டில்தான் இருந்தோம். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லாதவர். எங்களை வைத்துக் காப்பாற்றுகிறார் என்று தெருவே மெச்சியது. மூன்று வேளையும் சமைத்துப் போட்டு, வேட்டி மடித்து வைத்து, அவர் கூப்பிட்ட குரலுக்கு ஓடிய அம்மா யாரைக் காப்பாற்றினாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. திருவெறும்பூர்ப் பக்கம் பெரிய தொழிற்சாலையில், எந்த வேலை எந்த இயந்திரத்தில் எப்போது முடிய வேண்டும் என்று திட்டமிடும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அங்கே இரும்பைத் திட்டமிட்டவர், வீட்டுக்கு வந்ததும் எங்களைத் திட்டமிட ஆரம்பித்தார்.

அந்தச் சமயத்தில்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனின் அம்மா சொஜ்ஜியைத் தின்றுகொண்டே என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பெண் லட்சணமாக இருக்கிறாள், உடம்பை மட்டும் கொஞ்சம் குறைத்துவிட்டால் மேற்கொண்டு பேசலாம் என்றாள். எழுந்து வாசலைக் காட்டியிருக்க வேண்டிய பெரியப்பா, "ஆறு மாசம் டைம் கொடுங்கோ மாமி. குறைச்சுக் காட்டறேன்" என்றார். ஏதோ ஆர்டர் எடுத்துக்கொண்டதுபோல. என்னை யாரும் கேட்கவில்லை. அம்மா தலையைக் குனிந்துகொண்டு காலி டம்ளர்களை எடுத்துப்போனாள். இந்த இடம் கைவிட்டுப் போனால் தன்னால் இன்னொன்று தேட முடியாது என்ற பயம் அவள் முதுகிலேயே தெரிந்தது. அதற்காகத்தான் நான் வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாளே கைப்பேசியில் ஜிம்னாஸ்டிக் வீரர்களின் பயிற்சி வீடியோக்களைப் பார்த்து, கலர் பேனாவில் கோடு போட்டு ஒரு அட்டவணை தயாரித்துவிட்டார். காலையில் கம்பியில் தொங்குவது, பிறகு தண்டால், பிறகு சுவரில் காலை ஏற்றித் தலைகீழாக நிற்பது. ஓய்வு நாள் என்று ஒன்று கிடையாது. இயந்திரத்துக்கே பராமரிப்புக்கு நாள் ஒதுக்கியவர், எனக்கு ஒதுக்கவில்லை. ஒரு தண்டால்கூட எடுத்துப் பழக்கமில்லாதவளை எடுத்த எடுப்பில் தலைகீழாக நிற்கச் சொன்னால் என்ன ஆகும்? உள்ளங்கைத் தோல் உரிந்தது, மணிக்கட்டு வீங்கியது, பல் தேய்க்கக் கையைத் தூக்க முடியவில்லை. சாப்பாட்டுக்கும் அவரிடம் ஒரு வழி இருந்தது. தினமும் ராத்திரி எனக்கு ஏகாதசி. அதாவது சாதம் கூடாது, பலகாரம் தின்னலாம். எண்ணெய் மிதக்கும் ரவை உப்புமா ஒரு தட்டு நிறைய வரும். சாதம் இல்லையே, பிறகு எப்படிக் குறையாமல் போகும் என்று என்னையே குற்றவாளி ஆக்குவார்.

அவரோ தினமும் கோயிலிலிருந்து சர்க்கரைப் பொங்கலும் புளியோதரையும் வாங்கி வந்து, என் எதிரிலேயே தொன்னையை வழித்துத் தின்பார். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். "பெருமாள் பிரசாதத்துக்கு ஏதுடி கலோரி?" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மனதார நம்பித்தான் சொன்னார். அவர் கம்பியைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை.

ஒருநாள் வேலையிடத்தில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். எங்கள் பிசியோதெரபிஸ்ட் என் கைகளைப் பார்த்துக் காரணத்தை விசாரித்துவிட்டு, யார் இந்த அட்டவணையைப் போட்டது என்று கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். தொடங்குகிறவர்களுக்கு வாரத்தில் மூன்று நாள் போதும், நடுவில் உடம்பு தேற நாள் விட வேண்டும் என்றாள். முதலில் சுவரைத் தள்ளு, அப்புறம் மேசை விளிம்பில் தண்டால், அப்புறம்தான் தரை. ஸ்டூல் போட்டுக் கம்பிக்கு மேலே மோவாயைக் கொண்டுபோய், மெதுவாக, முடிந்தவரை மெதுவாக இறங்கு. வயிறு நிறையச் சாப்பிடு, ஆனால் உப்புமாவை விட்டுவிட்டுப் பருப்பும் சுண்டலும் தயிரும் சாப்பிடு. பெரியப்பா கோயிலுக்குப் போகும் வேளையில் நான் இதைத்தான் செய்தேன். அம்மா பேச்சில்லாமல் சுண்டல் வேகவைத்தாள். ஒருநாள் ஸ்டூல் இல்லாமலே என் உடம்பு மேலே போயிற்று. அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தை அதுவரை எந்த மனிதரும் எனக்குத் தந்ததில்லை.

ஆறு மாதத்தில் இடுப்பளவு குறைந்திருந்தது, ரவிக்கைகளைப் பிடிக்கக் கொடுத்தோம். ஆனால் எடை அவர்கள் எதிர்பார்த்த அளவுக்கு இறங்கவில்லை. மறுபடி வந்த பையனின் அம்மா என் புஜத்தைக் கத்தரிக்காயை அழுத்துவதுபோல அழுத்திப் பார்த்து முகம் சுளித்தாள். ஜாதகம் சரியாக வரவில்லை என்று இரண்டு நாளில் போன் வந்தது. பெரியப்பா அம்மாவை வைத்துக்கொண்டே, "குறைன்னா பயில்வான் மாதிரி வந்து நிக்கறே. இனிமே உன்னை எவன் பார்ப்பான்?" என்றார். அம்மா அழுதாள். அடுத்த மாதம் தில்லை நகரில் சின்னதாக ஒரு வீடு பிடித்து அம்மாவை அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன். இன்றைக்கும் பயிற்சியை விடவில்லை.

போன மார்கழியில் பெரியப்பா வீட்டு மாடிக் குடித்தனக்காரர் போன் செய்தார். பெரியப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து, வாளிக்கும் சுவருக்கும் நடுவே சிக்கிக்கொண்டாராம். குடித்தனக்காரருக்கும் வயது எழுபது, தூக்க முடியவில்லை. அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக் காவிரிப் பாலத்தில் வண்டியை விரட்டினேன். கால் அசைகிறதா, எங்கே வலிக்கிறது என்று கேட்டு, எலும்பு உடையவில்லை என்று தெரிந்த பிறகு, அக்குளில் கை கொடுத்து, பிரசாதம் தின்று கனத்த அந்த உடம்பை ஒரே மூச்சில் நிமிர்த்தி நாற்காலியில் உட்கார வைத்தேன். அவர் துண்டைக் கேட்டார்.

மறுநாள் உறவினர்கள் விசாரிக்க வந்தார்கள். கூடத்தில் நான் காபி கொடுத்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா கண்ணை மூடிக் கைகூப்பி, "சாட்சாத் ரங்கநாதனே வந்து தூக்கி விட்டான்" என்றார். எல்லோரும் உருகிப்போனார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"அடுத்த தடவை விழுந்தா அவரையே கூப்பிட்டுக்கோங்கோ பெரியப்பா" என்றேன்.

எனக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள், அடக்கப் பார்த்து முடியாமல், வாய்விட்டு. திரும்பிப் பார்த்தேன். அம்மா.