பெயர் மூன்றாம் கட்டத்தில்

ஞானதீபத்துக்கு ஓரிடத்தில் உட்கார வராது. கழுகுமலை சாலையில் அவள் நடத்தும் தையல் கூடத்தில் பதினொரு மெஷின், பதினொரு பெண்கள். அவர்களுக்கு நடுவே நடந்துகொண்டேதான் காபி குடிப்பாள், நடந்துகொண்டேதான் திட்டுவாள். பி.காம் முடித்துவிட்டு ஒரே ஒரு மெஷினோடு தொடங்கியவள், இந்த நாற்பத்தாறாவது வயதில் மாதம் மூவாயிரம் நைட்டி தைத்து மதுரைக்கு அனுப்புகிறாள். அங்கே குருநாதன் என்ற மொத்த வியாபாரி அத்தனையையும் எடுத்துக்கொள்வார். கழுத்துப் பட்டியில் இருப்பது அவருடைய கடை லேபிள். பன்னிரண்டு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது.

பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள். கெடுத்தது பக்கத்து வீட்டு ஜெனிபா. வாசலில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஜெனிபாவின் உடம்பில் தன் கூடத்து நைட்டியைக் கண்டதும் ஞானதீபத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னக்கா பாக்கீங்க? நீங்க தைக்கது வேற, இது மதுரை சரக்கு. நம்ம ஊருல இப்படித் தைக்க ஆளு எங்க இருக்கு?" என்றாள் ஜெனிபா.

அன்றைக்கு ஞானதீபத்துக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே எஸ்ராவைப் போய்ப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வாத்தியார், சாயங்காலங்களில் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பவன், அவள் போகும் சர்ச்சின் சபைக்காரன். அவன் நிதானமானவன். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மூன்று கோடு போட்டான்.

"எல்லாத்தையும் ஒரே நாள்ல போட வேண்டாம்க்கா. மூணு கட்டமாப் போவோம். முதல்ல உங்க பேரு, போட்டோ, எப்படித் தொடங்குனீங்கங்கிற கதை. ரெண்டாவது நைட்டி படங்க, அளவு. மூணாவது ஆர்டர், கூரியர்."

"பேரு மூணாவதுல இருக்கட்டும் தம்பி."

"பேரு இல்லாத கடைக்கு எவன்க்கா போன் பண்ணுவான்?"

அவளுடைய பயம் அவனுக்குத் தெரியாது. தனியாக விற்கக் கிளம்பிவிட்டாள் என்று குருநாதன் காதில் விழுந்தால் அடுத்த மாதமே சரக்கு எடுப்பதை நிறுத்திவிடுவார். பதினொரு வீட்டில் அடுப்பு அணையும். கையில் வேறு ஆர்டர் வந்து சேரும்வரை தன் பெயர் அவர் கண்ணில் படவே கூடாது. அதனால்தான் பெயரைக் கடைசிக்குத் தள்ளினாள். படங்களும், ஊர்ப் பெயரும், ஒரு போன் நம்பரும் மட்டும் முதலில் ஏறட்டும் என்றாள். அதிலும் மூன்று வருஷத்துக்கு முன்னால் குருநாதன் தள்ளிவிட்ட மாடல்தான் முதல் படம். செல்போன் வைக்கப் பாக்கெட்டும், பால் கொடுக்க மறைவாக ஒரு ஜிப்பும் வைத்துத் தானே யோசித்துத் தைத்தது. மாதிரி அனுப்பிவிட்டுப் போனில் விவரம் சொன்னபோது, "பொம்பளைக்கு என்னத்துக்கு பாக்கெட்டு" என்று பிரித்துக்கூடப் பார்க்காமல் திருப்பி விட்டிருந்தார்.

புது சிம் ஒன்று வாங்கி, மூத்த தையற்காரி முத்துமாரியின் போனில் போட்டாள். தன் குரல் எங்கேயும் கேட்டுவிடக் கூடாதாம்.

"மூணு கட்டம்னு சொல்லுதீங்க. எனக்கு ஜாதகக் கட்டமே சரியில்லக்கா. என் கையில போயி இதக் குடுக்கீங்க" என்று முத்துமாரி அலுத்துக்கொண்டாள்.

வெப்சைட் வந்தது. போன் வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். ஞானதீபம் துணி வெட்டுவதை விட்டுவிட்டுப் போனை நோண்டினாள். பொத்தான் காஜாக்களை எண்ணும்போது எண்ணிக்கையை மறந்தாள், யார்மேலோ எரிந்து விழுந்தாள். எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்று காட்டும் எண் நாற்பத்தேழைத் தொட்டதும் எஸ்ராவுக்குப் போன் போட்டுச் சந்தோஷப்பட்டாள்.

"அக்கா, அதுல நாப்பத்தொண்ணு நீங்க பாத்ததுதான்" என்றான் அந்தப் பாவி.

மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை பதினோரு மணிக்கு முத்துமாரியின் போன் அடித்தது. புது நம்பருக்கு வந்த அழைப்பு. மெஷின்கள் நின்றன. முத்துமாரி ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஹலோ, நைட்டி தைக்கிறவங்களா? மதுரையிலருந்து குருநாதன் பேசுறேன்."

ஞானதீபம் நடப்பதை நிறுத்தினாள். கண்டுபிடித்துவிட்டார் என்றே நினைத்தாள்.

"உங்க ஊர்லயே எனக்கு ஒரு அம்மா தைச்சுக் குடுக்குது. எப்பவும் அதே பழைய மாடல்தான். உங்க பாக்கெட் வச்ச நைட்டியப் பாத்தேன், பிரமாதம்! அந்த அம்மாவுக்கெல்லாம் இந்த மாதிரி யோசிக்க வராது. நீங்க ஒத்துக்கிட்டா அங்க எடுக்குறத நிறுத்திட்டு உங்ககிட்டயே மொத்தமா எடுத்துக்கிறேன். ஓனர் யாரும்மா?"

முத்துமாரி ஞானதீபத்தைப் பார்த்தாள். பதினொரு பேரும் பார்த்தார்கள். ஞானதீபத்துக்கு வந்த கோபத்தில் பயம் இருந்த இடம் தெரியவில்லை. போனைப் பிடுங்கினாள்.

"ஞானதீபம்" என்றாள். கோபத்தில் அவள் குரலே மாறியிருந்தது.

அவர் அதிரவில்லை. பேனாவைத் தேடும் சத்தம் கேட்டது.

"ஞான... தீபம். நல்ல பேரும்மா, எழுதிக்கிட்டேன். எந்தத் தெரு?"

பன்னிரண்டு வருஷத்தில் அந்த மனிதர் அவளை 'ஏம்மா' என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பில்லில் என்ன பெயர் இருக்கிறது என்று கடைக் கணக்கருக்குத் தெரிந்திருக்கும். இவருக்குத் தெரியாது. தெரிந்துவிடக் கூடாதே என்று இத்தனை நாள் அவள் செத்துப் பிழைத்த பெயரை, அவர் இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"ஹலோ, லைன்ல இருக்கீங்களா? மாசம் எவ்வளவு எடுக்கலாம் உங்ககிட்ட?"

"பன்னெண்டு வருசமா மூவாயிரம் எடுக்கீங்கள்லா அண்ணாச்சி."