திப்பாவுக்கு வடக்கே ஒரு பந்தி

வளைகுடா ஊரான புஜைராவில் தமிழ்க் குடும்பங்களின் எந்த விசேஷத்திலும் பந்தியைக் கவனிக்க வசந்தகுமாரிதான் வர வேண்டும். இலை போடுவதிலிருந்து கடைசி மோர் வரைக்கும் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். கணவர் ரகுநாதனுக்குத் துறைமுக ஆபீசில் வேலை. அவளுடைய விசாவில் ‘வேலை செய்ய அனுமதியில்லை’ என்று அச்சடித்திருந்தார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். சம்பளமில்லாத வேலைக்கு யார் தடை போட முடியும் என்று, பிளாட்டுகளில் அடைந்து கிடந்த பிள்ளைகளைத் திரட்டி, விடுமுறை நாளான வெள்ளிக்கிழமைகளில் கூடும் வெள்ளிக்கிழமைக் குழு ஒன்றை ஆரம்பித்துவிட்டாள்.

2006 குளிர்காலத்தில் அந்தப் பிள்ளைகள், பாட்டும் பேச்சுப் போட்டியும் போதும், கடலுக்குப் போகலாம் என்றார்கள். பக்கத்துத் துறைமுகமான திப்பாவில் லாஞ்ச் ஏறி வடக்கே போனால் ரோடே இல்லாத கரை. ஒரு பக்கம் மொட்டை மலை, ஒரு பக்கம் தண்ணீர். பையன்கள் வீட்டில் மறுபேச்சில்லை. பெண் பிள்ளைகள் வீட்டில்தான் ஆயிரம் கேள்வி. எல்லா அம்மாக்களும் ராதாவின் முகத்தைப் பார்த்தார்கள். பிளஸ் டூ படிக்கும் மகள் தாரிணியைக் கீழே கடைக்குக்கூடத் தனியாக அனுப்பாதவள் ராதா. அவள் விட்டால் மற்றவர்களும் விடுவார்கள்.

வசந்தகுமாரி நடையாய் நடந்து, காபி காபியாய்க் குடித்து, ஒரு வழியாகச் சம்மதம் வாங்கினாள்.

“உன்னை நம்பித்தான் அனுப்பறேன் வசந்தி. சாயங்காலம் மக்ரிப் பாங்கு சொல்றதுக்குள்ள என் பொண்ணு ஹார்பர்ல நிக்கணும். இல்லேன்னா இதுதான் முதலும் கடைசியும்” என்றாள் ராதா.

“கவலையே படாதே” என்று வசந்தகுமாரி கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அவளுக்கு வாய் கொஞ்சம் தாராளம்.

லாஞ்ச் ஓட்டியவர் தொண்டிக்காரரான கௌஸ் முகைதீன். மலைகளுக்கு நடுவே ஒளிந்திருந்த ஒரு சின்னக் கடற்கரையில் லாஞ்சின் மூக்கை மணலில் ஏற்றி நிறுத்தினார். பிள்ளைகள் குதித்து ஓடினார்கள். நண்டைத் துரத்தினார்கள். யாரோ எப்போதோ விட்டுப்போன கல்வீடு ஒன்றைக் கண்டுபிடித்துக் கூச்சல் போட்டார்கள். வசந்தகுமாரியோ பாறை நிழலில் ஜமுக்காளம் விரித்து, மலையாளி கடையில் வாங்கிய வாழை இலைகளைப் போட்டு, வரிசையாக உட்காரவைத்துவிட்டாள். மற்றவர்களைப் போல பொட்டலம் கட்டிக் கையில் கொடுப்பது அவளுக்குச் சாப்பாடே இல்லை.

சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தபோது கௌஸ் முகைதீன் வந்தார்.

“அக்கா, தண்ணி வத்த ஆரம்பிச்சிருச்சு. யல்லா, கெளம்பிருவோம்.”

“பந்தியைப் பாதியில எழுப்பச் சொல்லுதீங்களா? நல்லாருக்கே கதை! ரசம், பாயசம், மோரு, அவ்வளவுதான். நீங்களும் உக்காருங்க தம்பி, இலை போட்டாச்சு.”

“பாயசமா?” என்றார் கௌஸ் முகைதீன்.

பேச்சிலர் ரூமில் குப்பூஸ் ரொட்டி தின்று காலம் தள்ளுகிற மனிதர். கடலை ஒரு பார்வை பார்த்தார், பாத்திரத்தை ஒரு பார்வை பார்த்தார், உட்கார்ந்துவிட்டார். பாயசத்தை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கை கழுவப் போனவர்கள் பார்த்தால், லாஞ்ச் மணலில் ஒருக்களித்துப் படுத்திருந்தது. தண்ணீர் தள்ளிப் போயிருந்தது. எல்லோரும் சேர்ந்து தள்ளிப் பார்த்தார்கள். அது அசைந்துகூடக் கொடுக்கவில்லை.

“கலாஸ், முடிஞ்சுபோச்சு” என்று கௌஸ் முகைதீன் தலையைச் சொறிந்தார். “எம் மேலயும் தப்பு இருக்குக்கா. இனி தண்ணி ஏறுனாத்தான். பொழுது அடஞ்சிரும்.”

வசந்தகுமாரி ரகுநாதனை அழைக்கப் பார்த்தாள். மொபைலில் சிக்னல் இல்லை. ஒரு கரண்டி ரசத்துக்காக இத்தனை பெண் பிள்ளைகளின் வெள்ளிக்கிழமையைப் பறிகொடுத்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மேலே ஏறினால் சில சமயம் சிக்னல் கிடைக்கும் என்றார் கௌஸ் முகைதீன்.

“நான் போறேன் ஆன்ட்டி” என்றாள் தாரிணி.

வசந்தகுமாரி பதறிப்போனாள். “நீயா? உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என் தோலை உரிச்சிருவா.”

“லேட்டாப் போனாலும் உரிக்கத்தான் போறா. நீங்களும் வாங்க.”

வசந்தகுமாரி துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறினாள். கல் சரிந்த இடத்தில் தாரிணி கை கொடுத்தாள். அந்தப் பிடி உறுதியாக இருந்தது. லிப்டுக்கும் ஸ்கூல் பஸ்ஸுக்கும் நடுவிலேயே வளர்ந்த பெண்ணுக்கு இது எங்கிருந்து வந்தது என்று வசந்தகுமாரிக்கு ஆச்சரியம். உச்சியில் ஒரு கோடு சிக்னல் விழுந்தது. ரகுநாதனை அழைத்தால் லைன் அறுந்தது. தாரிணி போனை வாங்கி, எல்லோரும் நலம், தண்ணீர் ஏறியதும் வருகிறோம் என்று மெசேஜ் தட்டினாள். அது போய்ச் சேர்ந்தது.

அப்புறந்தான் வசந்தகுமாரி நிமிர்ந்து பார்த்தாள். வளைந்து வளைந்து போகும் கரை, மலையின் காலடி வரைக்கும் பச்சைத் தண்ணீர், கண்ணுக்கெட்டிய மட்டும் ஒரு கட்டடம் இல்லை. வந்து இத்தனை வருஷமாகியும் இந்த ஊரை அவள் சூப்பர் மார்க்கெட்டும் ஜன்னலுமாகத்தான் பார்த்திருக்கிறாள். பயத்துக்கு நடுவிலும் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். தாரிணி டிஜிட்டல் கேமராவில் படமாக எடுத்துத் தள்ளினாள்.

இருட்டத் தொடங்கிய பிறகுதான் லாஞ்ச் மிதந்தது. திப்பா ஹார்பரில் பெற்றோர்கள் வரிசைகட்டி நின்றார்கள். முன்னால் ராதா.

வசந்தகுமாரி முதலில் இறங்கினாள். “பிள்ளைங்க மேல ஒரு தப்பும் இல்ல. பந்தி வெச்சுத் தண்ணியத் தவற விட்டது நான்தான். என்னைத் திட்டு ராதா, அதுகளை வரவிடாம நிறுத்திராதே.”

“பந்தியா? கடற்கரையிலயா?” ராதாவுக்குக் கோபத்தில் வார்த்தை தடுமாறியது. “உனக்குப் புத்தி இருக்கா வசந்தி? நாங்க இங்க உயிரைக் கையில பிடிச்சுண்டு நிக்கறோம்.”

“அம்மா, இதைப் பாரேன்” என்று தாரிணி கேமராவை நீட்டினாள். ராதா அதைத் தட்டிவிடத்தான் கையெடுத்தாள். சின்னத் திரையில் அந்தப் பச்சைத் தண்ணீர் தெரிந்தது. கை நின்றது.

“இது எங்க?”

“நாங்க போன இடம்மா. மேல ஏறி நான்தான் எடுத்தேன்.”

ராதா விளக்குக்கு அடியில் போய் நின்று ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். மற்ற அம்மாக்கள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அடுத்த தடவை பந்தி கிந்தின்னு ஏதாவது பேச்செடுத்தே, பார்த்துக்கோ” என்றாள் ராதா கடைசியில், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. “புளியோதரை நான் கிளறிப் பொட்டலமாக் கட்டி எடுத்துண்டு வரேன்.”

“எடுத்துட்டு வர்றியா? நீயுமா?”

“ஏன், லாஞ்ச்ல எனக்கு எடம் இருக்காதா?”