விழாத நாட்கள்

காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது என் வீட்டுக்காரர் முனிராஜுக்கு ஷூ லேஸ் கட்ட வரவில்லை. வலது கை லேஸைப் பிடிக்கவே இல்லை. என்னைக் கூப்பிட்டார், பேச்சு குழறியது. நான் சின்ன விஷயத்துக்கே பதறுகிறவள். அன்றைக்கு அந்தப் பதற்றம்தான் உதவியது. பக்கத்து வீட்டு ஆட்டோவில் உடனே ஏற்றிவிட்டேன்.

"சரியான நேரத்துல கொண்டாந்துட்டீங்க" என்றார் டாக்டர். வந்திருந்தது இஸ்கீமிக் ஸ்ட்ரோக் (மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு). வலது கையும் காலும் பலமிழந்திருந்தன. "இனிமே நடக்க வைக்கறதுதான் மருந்து. முதல் ஆறு மாசம் ரொம்ப முக்கியம்மா."

நான் எட்டாவதோடு நின்றவள். டாக்டர் சொன்னதைவிட, கிளம்பும்போது நர்ஸ் சொன்ன "விழாம பாத்துக்கங்க" என்பதுதான் எனக்குள் தங்கியது.

நான் ஜூஜுவாடிப் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தேன். அங்கே கேட்டருகில் ஒரு போர்டு உண்டு: விபத்தில்லாத நாட்கள் இத்தனை. தினமும் ஒன்று கூட்டுவார்கள். யாருக்காவது அடிபட்டால் மறுபடி சைபர். வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தபோது, நானும் ஒரு சிலேட்டை மாட்டி, அவர் விழாத நாட்களை எழுத ஆரம்பித்தேன்.

பிசியோதெரபி (கை கால்களுக்குப் பயிற்சி தரும் சிகிச்சை) கொடுக்க முதல் மாதம் நந்தினி என்ற பெண் வந்தாள். "அக்கா, வீட்டுத் தரை வழவழன்னு இருக்குது. ஆத்தோரப் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போங்க. மேடு பள்ளத்துல கால் வெச்சாத்தான் மூளை திரும்பக் கத்துக்கும்" என்று சொல்லிப் போனாள். அதன்பிறகு போனில்தான் விசாரிப்பாள்.

ஊர் முடிகிற இடத்தில், ஆற்றை ஒட்டிப் பரந்து கிடக்கிறது அந்தப் பூங்கா. மூங்கிலும் புங்கையும் நீர்மருதுமாக ஒரே நிழல். வாசலிலிருந்து கொஞ்ச தூரம் சிமெண்ட் பாதை. அப்புறம் கரைவரை வேரும் கல்லுமாக மண்தடம். கூட்டிப்போனேன், சக்கர நாற்காலியில். சிமெண்ட் முடிகிற இடத்தில் பிரேக்கைப் போட்டுவிடுவேன்.

"ரெண்டு எட்டு வெச்சுப் பாக்கறேன், கௌரி."

"நேத்து மழ பேஞ்சிருக்குது. வழுக்கும்."

அடுத்த நாள் பாம்பைச் சொன்னேன்.

"நான் வர்ற வேகத்துக்கு அது குடும்பத்தோட வீடு காலி பண்ணிட்டே போயிரும்" என்றார். நான் சிரிக்கவில்லை. நந்தினியிடம் போனில், "பார்க்குக்குப் போயிட்டு வந்தோம்மா" என்றேன். அது பொய்யும் இல்லை.

அவர் கேட்பது குறைந்தது. பிறகு நின்றது. மனம் தேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் மாதம் நந்தினி நேரில் வந்தாள். காலை மடக்கிப் பார்த்தாள். பாதம் கீழ்நோக்கி விறைத்திருந்தது. ஸ்பாஸ்டிசிட்டி (தசை இறுகிப்போவது) என்றாள். நான் சிலேட்டைக் காட்டினேன், பெருமையாகத்தான். நூற்று நாற்பத்தாறு.

"படுத்தே கெடக்கறவங்க யாரும் விழ மாட்டாங்கக்கா."

"அவளத் திட்டாதம்மா" என்றார் இவர். "எனக்கும் பயந்தான். அவ பேரச் சொல்லித் தப்பிச்சிக்கிட்டேன்."

அது உண்மையா, என்னைக் காப்பாற்றச் சொன்னதா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

டாக்டரிடம் மட்டும் கேட்டேன். முன்னமே நடக்க வைத்திருந்தால் கால் முழுசா வந்திருக்குமா? அவர் பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்: "முழுசான்னு சொல்ல முடியாதும்மா. இதவிடக் கொஞ்சம் கூட வந்திருக்கலாம்." இதே நிலைமையில் இருக்கிறவர்களுக்காக அதை அப்படியே எழுதுகிறேன். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று யாராலும் எனக்குச் சொல்ல முடியவில்லை.

மறுநாளே நாற்காலியை வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். மூன்றாம் நாள் மண்தடத்தில் விழுந்தார். நான் ஓடினேன். தினமும் அங்கே நடக்க வரும் கன்னடக்காரப் பெரியவர் குறுக்கே கையை நீட்டினார். "ஏனூ ஆகல்லம்மா, ஒண்ணும் ஆவாது. அவரே எழுந்துக்கட்டும்." மூங்கிலைப் பிடித்து, முட்டி போட்டு, எழுந்தார். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. நான் அழுது முடித்திருந்தேன்.

இது நடந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. கம்பெனியில் ஓட்டிக்கொண்டிருந்த பழைய மெஷினுக்கு அவரால் திரும்ப முடியவில்லை. ஆனால் கைத்தடியோடு கரைவரை தனியாகப் போகிறார். வலது பாதம் மண்ணில் கோடு போட்டுக்கொண்டே போகும். மற்றவர்கள் பத்து நிமிஷத்தில் கடக்கிற தூரம் எங்களுக்கு முக்கால் மணி. நான் பத்தடி பின்னால் வருவேன், கைகளை முதுகுப்பக்கம் கோர்த்துக்கொண்டு. விட்டால் அவை தானாக நீளும்.

கரையில் செருப்பைக் கழற்றி, ஈர மணலில் வலது பாதத்தை வைப்பார். குளிர்ச்சி உடனே தெரியாதாம். மூளைக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். ஆற்றைப் பார்த்தபடி காத்திருப்பார். நானும் நிற்பேன், அந்த ஐந்து மாதமும் என் பக்கத்தில் நிற்கும்.

"வந்திருச்சு" என்பார்.