பத்து வரை எண்ணச் சொன்னேன்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மனநல ஆலோசகருக்கு ஆகாத குணம்தான். அதிலும் யோகாவை யாராவது மத விஷயமாக்கினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் கோபத்தில்தான் ஈசூன் வட்டாரத்திலிருந்து வந்த ஓர் அக்கா விஷயத்தில் கோட்டை விட்டேன்.

சிங்கப்பூரின் தேக்காவில் ஒரு கடைவீட்டு மாடியில் என் அறை; ஆலோசனையோடு யோகாவும் சொல்லித்தருவேன். அக்கா ஒரு பாலர் பள்ளியில் சமையல் வேலை பார்த்தார். கணவர் இறந்து நான்கு மாதமாகியும் தூக்கம் வரவில்லை. ஒருநாள் சமையலறையில் கண் செருகி, கொதிக்கும் சூப்புப் பானையைக் கீழே போட்டுவிட்டார். பிள்ளைகள் தள்ளி நின்றதால் தப்பினார்கள். பள்ளியில் ஒரு மாத விடுப்புக் கொடுத்தார்கள். தூக்கம் சரியானால்தான் திரும்ப அடுப்பருகே விடுவோம் என்றார்கள். மருத்துவர் ஒரு கடிதம் எழுதி என்னிடம் அனுப்பினார். வீட்டில் உயர்நிலைப் பள்ளியை முடிக்கும் ‘ஓ’ நிலைத் தேர்வு எழுதப்போகும் ஒரே மகள். அந்த வேலையை விட்டால் இருவருக்கும் வேறு கதியில்லை.

முதல் நாள் என் அறையில் விரித்திருந்த யோகா பாயைப் பார்த்ததும் அக்காவின் முகம் சுருங்கியது.

“மேடம், ஃபாதர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துரட்டுமா?”

ஆரம்பித்துவிட்டார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். “இதுல சாமி பூதம் ஒண்ணும் இல்லைக்கா. வெறும் மூச்சுதான்.”

அடுத்த வாரம், “ஃபாதர் செய்யலாம்னுட்டார் லா” என்று வந்தார். அதற்குள் நான் அலமாரியிலிருந்த குத்துவிளக்கை எடுத்து ஒளித்திருந்தேன். ஓம் என்று வாயைத் திறக்கவில்லை. என் பெருந்தன்மையை நானே மெச்சிக்கொண்டேன்.

படுத்துக் கண்ணை மூடி, வெளியே போகிற ஒவ்வொரு மூச்சையும் எண்ண வேண்டும். பத்து வந்தால் மறுபடி ஒன்று. வீட்டிலும் தினமும் செய்யச் சொன்னேன். அக்கா தலையாட்டினார். பாயில் படுத்திருந்தபோது அவர் கைகள் இறுக மூடியிருந்தன, நெற்றி வியர்த்தது. சாமிக் குத்தம் என்று பயப்படுகிறார், போகப்போகச் சரியாகும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது வாரம் கண்கள் குழிவிழுந்து வந்தார். தினமும் விடாமல் செய்வதாகச் சொன்னார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

“மனசுக்குள்ள பாவம்னு நினைச்சுக்கிட்டே செஞ்சா எப்படிக்கா பலன் கிடைக்கும்?”

“பாவம்னு யார் மேடம் சொன்னா? ஆறு வரைக்கும் எண்ண முடியுது. அதுக்கு மேல முடியலை.”

“ஆறுல என்ன?”

கணவருக்கு நுரையீரலில் புற்றுநோய். கடைசி நாட்களில் வீட்டுக்கு வந்த நர்ஸ், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணி, குறைந்தால் கூப்பிடச் சொல்லியிருக்கிறார். எண்ணிக்கை தப்பிவிடக் கூடாதென்று அக்கா ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு மூச்சுக்கு ஒரு மணி என்று உருட்டியிருக்கிறார்.

“ஆறாவது மணியைப் புடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன், மேடம். ஏழாவது வரவே இல்லை. அதுலேர்ந்து ஜெபமாலையையும் தொட முடியலை.”

“இதை ஏன்க்கா முதல்லயே சொல்லலை?”

“நீங்க கேக்கலையே. நர்ஸும் எண்ணச் சொன்னாங்க, நீங்களும் எண்ணச் சொன்னீங்க. படிச்சவங்க சொன்னா காரணம் இருக்கும்னு நினைச்சேன்.”

கணவர் கடைசிவரை வீட்டில்தான் இருந்தார் என்று மருத்துவர் அனுப்பிய கடிதத்தில் ஒரு வரி இருந்தது. அதைப் படித்திருந்தேன். யார் பக்கத்தில் இருந்தது, எப்படிப் போனார் என்று கேட்கத் தோன்றவில்லை. மூச்சு நின்றதைப் பார்த்தவரை மூச்சின் பக்கமே கொண்டுபோகக் கூடாது என்பது என்னிடம் பயிற்சிக்கு வரும் புது ஆலோசகர்களுக்கு நானே வாய் கிழியச் சொல்லும் பாடம். வெட்கமாக இருந்தது. இனி எண்ணவே வேண்டாம், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பாதம் தரையில் படுவதை மட்டும் கவனியுங்கள் என்று அவசரமாக மாற்றிச் சொன்னேன். அக்கா அதற்கும் தலையாட்டினார்.

மறு வாரம் அவர் வரவில்லை. கைப்பேசியில் அழைத்தேன். மகள்தான் எடுத்தாள்.

“அம்மாவை வேலையிலேர்ந்து நிறுத்திட்டாங்க, ஆன்ட்டி. இனிமே உங்ககிட்ட வரலைன்னு அம்மா சொல்லச் சொன்னாங்க.”

“தூங்குறாங்களாம்மா?”

“இல்லை. நான் படுத்ததும் பக்கத்துல வந்து உக்காந்து என் மூச்சை எண்ணுறாங்க. தூங்கிட்டா மூச்சுச் சத்தம் கேக்காம பயந்துருவாங்கன்னு நான் தூங்குறதே இல்லை, ஆன்ட்டி. கண்ணை மூடிக்கிட்டு, அவங்க காதுல விழற மாதிரி மூச்சு விட்டுக்கிட்டே கிடக்குறேன்.”